முட்டைக்கோசுக்குத் திறந்த பாலம்

என் கணவர் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். மாதம் ஒரு முறை பஸ் ஏறி நான் இருக்கும் மலைக்கு வருவார். நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். அதனால் அவரோடு போகவில்லை. அவர்தான் இங்கே வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சண்டை போடுவேன்.

கொரோனாவுக்காக எல்லையை மூடுகிறார்கள் என்று செய்தி வந்த அன்று போன் செய்தார்.

"மொதலாளி அந்தப் பக்கமே தங்கச் சொல்றாரு. ரெண்டு வாரந்தான் லா."

"அந்த ரெண்டு வாரம் இங்க வந்து இருக்கலாமில்ல?"

"வேலை போயிடும்."

"பொண்டாட்டி போனா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான்கு சட்டையோடு பாலத்தைக் கடந்தார். இரண்டு வாரம் இரண்டு வருடமானது.

எனக்கு ஆத்திரம் வந்தது லோரிகளைப் பார்த்துத்தான். எங்கள் மலையில் கியா பார்மில் விளையும் முட்டைக்கோஸ் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டே இருந்தது. கோசுக்குப் பாலம் திறந்திருந்தது, மனிதனுக்கு இல்லை. கொழுந்து வெட்டும் சரிவில் நின்று லோரிகள் இறங்குவதைப் பார்த்துத் திட்டுவேன். கேட்க ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி அப்படி ஒரு லோரி ஓட்டினான். தீபாவளிக்கு முன்பு முறுக்கையும் எலுமிச்சை ஊறுகாயையும் பிஸ்கட் டின்னில் வைத்து, டேப் ஒட்டி அவனிடம் கொடுத்தேன். சிங்கப்பூரில் அவன் காய் இறக்கும் சந்தைக்கு இவரை வரச் சொன்னேன். டின் அப்படியே திரும்பி வந்தது.

"அண்ணன் சந்தை கேட்டுக்கு வெளிய நின்னு கை காட்டினாரு அக்கா. என்னைய லோரிய விட்டு எறங்க விடல."

"தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"காவக்காரன் தலையில விழுந்தா நானும் அங்கயே தங்கிருவேன், அண்ணனுக்குத் தொணையா."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"மாஸ்க் போட்டிருந்தாரு. என்னத்தத் தெரியும்?"

முறுக்கை நானே தின்றேன். ஒரு வாரம் தின்றேன். ஊறுகாயைத் தொடவில்லை.

எல்லை திறந்த பிறகு ஒரு நாள், வேலை முடிந்து வந்தால், வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பழைய பூட்டு துருப்பிடித்ததால் நான் மாற்றியிருந்தேன். அவர் சாவி சேரவில்லை.

"ரெண்டு வாரம் முடிஞ்சிருச்சா?" என்றேன்.

சோறு போட்டு ஊறுகாயை வைத்தேன். கறுத்துப் போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார்.

பத்தாவது நாள் பையைக் கட்டினார். "இப்பதான் தொறந்துட்டானே. பழைய மாதிரி ஜொகூர்ல இருந்து தெனம் போய் வரலாம்" என்றார். அவருக்கு அது நல்ல சேதி. இந்த முறை நான் சண்டை போடவில்லை.

புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்றை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.