வலது பக்கம் அவளுக்கு

துபாயிலிருந்து மாமா அனுப்பும் பெட்டியை எங்கள் வீட்டில் யாரும் தனியாகப் பிரிக்கக் கூடாது. அம்மாவும் சின்னம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, சோப்பு முதல் பாதாம் வரை எல்லாவற்றையும் சரிபாதியாகப் பங்கு போடுவார்கள். பிள்ளைகளுக்குள் பொறாமை வந்துவிடக் கூடாதாம். அந்த முறை பெட்டியில் ஸ்கேட்டிங்குக்கான பாதுகாப்பு செட் ஒன்றே ஒன்று இருந்தது. வகுப்புக்குப் போனதோ இரண்டு பேர், நானும் சின்னம்மா மகளும். இருவருமே அப்போது ஆறாம் வகுப்பு. அதையும் பங்கு போட்டார்கள். வலது முழங்கால், வலது முழங்கை, வலது மணிக்கட்டுக்கான கவசங்கள் அவளுக்கு. இடது பக்கத்தவை எனக்கு. ஹெல்மெட் ஒருநாள் விட்டு ஒருநாள்.

காரைக்குடியில் எங்கள் வகுப்பு நடந்த சிமெண்டுத் தரையில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்லை. மாஸ்டர் சீக்கிரம் இன்னொரு செட் வாங்கச் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அம்மா.

எனக்கு அதெல்லாம் கவலையே இல்லை. வலது பக்கம் ஏன் அவளுக்குப் போனது என்பதுதான் வயிற்றை எரித்தது. ஏற்கெனவே அவள் என்னைவிட வேகம், பின்பக்கமாகக்கூட ஓட்டுவாள். அந்தக் கறுப்புப் பட்டை கட்டிய கையால் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் விழுவதெல்லாம் இடது பக்கம். அவள்தான் எப்போதும் வலது பக்கம் விழுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று நாள் நச்சரித்தேன். நாலாம் நாள் வகுப்பில் வைத்துக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே வளைவில் திரும்பும்போது விழுந்தாள், வெறும் வலது கையை ஊன்றி. மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள்.

சாயங்காலம் மாமா வீடியோ காலில் வந்தார். சின்னம்மா அழுதுகொண்டே கேட்டார்: "நீங்க அனுப்புனீகள்ல, அதுல வலது பக்கம் இவளுக்குத்தானண்ணே கொடுத்தோம். பெறகு எப்படி ஒடிஞ்சுச்சு?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள்.

"நான்தான் இன்னைக்குப் போட மறந்துட்டேன்."

எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அப்புறம் மாமா புதிதாக முழு செட் அனுப்புவதாகச் சொன்னார், அவளுக்கு மட்டும். அதற்குக்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த நிமிடமே காட்டிக்கொடுத்திருப்பேன். அப்படியொரு மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.