அழுமூஞ்சி உலோகம்

பட்டறையில் அவருக்கு வெங்கலம் என்று பட்டப்பேர். தொண்டை அப்படி. இயந்திரம் ஓடும்போது இந்த மூலையிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அந்த மூலையில் நிற்பவன் கையில் இருப்பதைக் கீழே போடுவான்.

அங்கே வேலை இண்டியம் என்ற உலோகத்தோடு. வெள்ளி மாதிரிப் பளபளக்கும், கிடைப்பதோ அரிது. டி.வி., செல்போன் திரைகளில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு இருக்கிறதே, அதில் இது கலந்திருக்கிறது. பூச்சுப் போட்டுத் தேய்ந்த தகடுகள் பட்டறைக்கு வரும். உடைத்து, அரைத்து, மிச்ச உலோகத்தைப் பிரித்தெடுப்பார்கள்.

பிரித்தெடுத்த கட்டி மகா சாது. நகம் பட்டாலே கீறல் விழும். வளைத்தால் கிரீச்சென்று அழும். அதனால் அழுமூஞ்சி என்றே கூப்பிடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் காதோரம் ஒரு துண்டை வளைத்து, "கேட்டியா? தொட்டாலே அழுது. இது யாரை என்ன பண்ணிடப் போகுது?" என்பார் வெங்கலம்.

அதன் கதையையும் சொல்வார். கண்டுபிடித்தவருக்கு நிறமே தெரியாதாம். வேறு உலோகத்தைத் தேடித் தாதுவை எரித்துச் சோதித்தவர், அதில் தெரியும் ஒளிக்கோட்டின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக் கூட்டாளியைக் கூப்பிட்டாராம். அந்த ஆள் கண்ணில் பட்டது அதுவரை யாரும் பார்க்காத அவுரி நீலக் கோடு. அந்த நீலத்துக்கு இங்கிலீஷில் இண்டிகோ, அதை வைத்தே உலோகத்துக்கு இண்டியம் என்று பேர். "அப்புறம் கூட்டாளி, நான்தான் கண்டுபிடிச்சேன்னு கிளம்பிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!" என்று சிரிப்பார். சிரிக்க வசதியாக முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கும். நல்ல பழக்கம், போங்கள்! மனைவியின் தம்பியை வேலைக்குச் சேர்த்துவிட்டு அவனுக்கும் இதையே பழக்கினார்.

அவருக்கு இருமல் வந்தது, போகவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உலோகக் கட்டி சாதுதாங்க. அரைக்கிற தூள் சாது இல்ல. நீங்க வேலையை விட்டாலும் அது நுரையீரலை விடாது" என்றார்.

வெங்கலத்துக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே ஓடவில்லை. தான் நின்ற இடத்தில் இப்போது மச்சினன் நிற்கிறான். அவனை வெளியே இழுத்தாக வேண்டும். பார்க்க வந்தவனிடம் கெஞ்சினார்.

"விட்டுடுடா. வேற எங்கயாவது மூட்டை தூக்கு."

"போங்க மாமா. அது ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சிகரெட்டா ஊதித் தள்ளிட்டு அழுமூஞ்சி மேல பழியைப் போடாதீங்க."

சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டான். கூப்பிட்டார். குரல் அறையைக்கூடத் தாண்டவில்லை. பின்னாலேயே ஓடியவர் பாதிப் படியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவன் பதறித் திரும்பி வந்து இரு கையாலும் தூக்கினான். ஆள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார், பச்சைப்பிள்ளைகூடத் தூக்கிவிடும். ஆனால் நாலு படி ஏறியதும் அவரை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்து திறந்து மூடினான்.

மேலே வாசலில் நின்ற மனைவி புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்தாள்.

"ஏண்டா, உங்க மாமா அவ்வளவு கனமாவா இருக்காரு?"

அவனுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை.