துறைமுகக் கோயிலுக்கு வைத்த குங்குமம்

பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டில் சாமிப்படம் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதை எனக்கென்று வைத்திருந்தேன். கூட வேலை செய்த ஜப்பானியப் பெண் ஊருக்குத் திரும்பும்போது தந்த படத்தை அங்கே மாட்டினேன். மரக்கட்டையில் செதுக்கி, நிறம் நிறமாகத் தாளில் ஒற்றிய பழைய அச்சுப்படம்: ஒரு துறைமுகம், கரையோரம் கோயில், மிச்சமெல்லாம் நீலக்கடல். கட்டை அழுந்திய தடம் தாளில் தெரிவதுதான் அழகு என்று சட்டம் மட்டும் போட்டு, கண்ணாடி போடாமல் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் கணவரின் அக்கா நகருக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள லா சப்பல் பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டு, பிரசாதத்தோடு எங்களிடம் வருவார். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறியவன். போய்ச் சேர்ந்தான் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை.

"இது எந்தக் கோயில்?" என்று கேட்டார்.

"ஜப்பானிலை மச்சாள். கடலுக்குப் போறவை பத்திரமாத் திரும்பவேணுமெண்டு கும்பிடுற இடமாம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வெள்ளி சட்டத்தின் மேல் ஒரு செவ்வந்திப் பூ. பொறுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளி ஊதுபத்தி. பல்லைக் கடித்தேன். பிறகொரு நாள் வேலையால் வந்து பார்த்தால், கோயில் வாசலில், அந்தத் தாளில், குங்குமம்! ஈரத்துணியால் ஒற்றினேன். அது கடல்வரைக்கும் இழுபட்டுப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது சாமிப்படம் இல்லை, மச்சாள்!"

"கோயில் இருக்கு, கடல் இருக்கு. பிறகென்ன?"

கணவரிடம் முறையிட்டேன். "விடுமப்பா," என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். எனக்கு விட மனமில்லை. மறுநாளே கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மச்சாள் வந்தார். விரல் நுனியில் குங்குமத்தோடு படத்துக்கு முன்னால் போனவர், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"கோயிலைப் பூட்டிப்போட்டீரோ?"

குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன். இருக்கவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. படத்தைக் கழற்றி, மேசையில் கவிழ்த்து, கண்ணாடியை உருவி எடுத்தேன்.

"கொஞ்சமா வையுங்கோ," என்றேன்.