நைனா துப்பிய ஒயின்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செத்துப்போனவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தவர்களைப் பற்றி அவர் பேசியதையெல்லாம் இவர்கள் காதில் வாங்கியதே இல்லை போலிருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கள்ளிக்குப்பத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. கை ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. அந்த வாயில் அதிகம் அரைபட்டவன் என் தம்பி. ஐடிஐ முடித்துவிட்டு எந்த வேலையிலும் நிலைக்காமல் இருந்தவனை "தண்டம்" என்றுதான் கூப்பிடுவார். "டேய் தண்டம், தண்ணி மோட்டார் போடு." பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு நாள் அவனைத் "தண்டம் அண்ணா" என்று கூப்பிட்டது. நைனா விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரிக்க வேண்டியதாகப் போயிற்று.

பூந்தமல்லியில் யாரையோ பிடித்து அவன் இத்தாலிக்குப் போனான். டிராக்டர் ரிப்பேர் பார்க்கப் போய், ஒரு ஒயின் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டான். ஒரு புருஷன் பெண்சாதிக்குச் சொந்தமான சின்னத் தோட்டம். எந்தப் பெரிய கம்பெனிக்கும் கட்டுப்படாமல் திராட்சையை அவர்களே வளர்த்து, ஒயினையும் அவர்களே போட்டு, அவர்களே பாட்டிலில் அடைப்பார்கள். வீடியோ காலில் காட்டுவான். மலைச் சரிவு முழுக்கக் கொடி வரிசை, நடுவில் இடுப்பளவு புல். "புல்லைக்கூட வெட்ட மாட்டீங்களாடா" என்று கேட்டால், மண்ணுக்கு அதுதான் போர்வை என்பான். பூச்சிமருந்து கிடையாதாம். பழத்தை நொதிக்க வைக்க வெளியிலிருந்து ஈஸ்ட்டும் போடுவதில்லையாம், தோலில் இருப்பதே போதுமாம். கெடாமல் இருக்கவும் எதையும் கலக்க மாட்டார்களாம். அதனால் சூடு மட்டும் ஆகாது, பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பான். எங்கள் வீட்டில் அவன் சேர்ந்தாற்போல அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

நைனா அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் டீக்கடைக்குப் போய், "என் புள்ள ஃபாரின்ல சாராயம் காய்ச்சிகினு கீறான்பா" என்பார். அப்புறம் எங்கள் தெருவுக்கே அதுதான் சேதி.

தம்பி முதல் தடவை லீவில் வந்தபோது கத்திரி வெயில். நான் மாங்காட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்தேன். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான்.

"நான் கவாத்து பண்ண வரிசையில வந்ததுக்கா" என்றான். கவாத்து என்றால் குளிர் காலத்தில் பழைய கிளைகளைக் கழித்துவிடுவது. கை விறைத்துப்போகுமாம். "ஞாயித்துக்கிழம கறி எடுக்கறப்ப நைனாவுக்கு ஊத்தணும். நல்லா கீதுடான்னு ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. வேற இன்னா கேக்கறேன்."

கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறானே என்று இருந்தது.

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தான். எடுக்கவே கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. அந்த ஃபிரிட்ஜில்தான் அம்மனுக்கு அபிஷேகப் பால், கட்டிவைத்த பூ எல்லாம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் சாராய பாட்டிலா? அம்மா அதை எடுத்துப் பழைய புடவை ஒன்றில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். பரணுக்கு மேலே நேராக சிமெண்ட் ஷீட். மத்தியானத்தில் அங்கே கை வைத்தால் கொப்புளம் போடும். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சத்தமில்லாமல் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். கொடியில் காய்ந்த அந்தப் புடவையில் கருஞ்சிவப்பாகக் கறை இருந்ததைப் பார்த்துக் கேட்டபோதுதான் என்னிடம் சொன்னாள். "குளுந்து போச்சுடி இப்ப, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

நைனா எதிர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். வேடிக்கைக்கு ஆள் வேண்டுமே. தம்பி பாட்டிலைத் திறக்கப்போனவன் ஒரு நொடி நின்றான். தக்கை பாதி மேலே ஏறியிருந்தது. அவன் ஏதோ சொல்வதற்குள் நைனா பாட்டிலைப் பிடுங்கித் தன் எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றினார். மீதிப் பாதிக்கு சோடா. விரலில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, குவார்ட்டர் அடிப்பதைப் போல ஒரே மடக்கு.

வாசலைப் பார்த்துத் துப்பினார்.

"இன்னாடா இது, புளிச்ச கஞ்சியாட்டம் கீது? இத்த காய்ச்சறதுக்காடா பிளேன் ஏறிப் போன?" எதிர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பாத்துக்க அண்ணாத்தே. தண்டம் போன ஊர்ல விளையறதும் தண்டமா கீது." அவர் சிரித்தார். நைனா பாட்டிலை அம்மா கையில் கொடுத்து, "பித்தள சாமான் தேய்க்கறதுக்கு வெச்சிக்க" என்றார்.

தம்பி டம்ளரை எடுத்து மோந்து பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான், கொடியில் கிடந்த புடவையைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தம்பி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். சொன்னால் அடி யாருக்கு விழும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆமா நைனா. நல்லா வரல" என்றான்.

அம்மா அந்த ஒயினை ஊற்றிக் குத்துவிளக்கைத் தேய்த்தாள். நன்றாகத்தான் பளபளத்தது. அதையும் நைனா டீக்கடையில் சொன்னார்.

மறு வருஷம் நைனா மாரடைப்பில் போய்விட்டார். எடுக்கும்போது தம்பி வந்து சேர முடியவில்லை, காரியத்துக்குத்தான் வந்தான். இந்த முறை பாட்டிலை ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்குள் வந்ததிலிருந்து தன் பக்கத்திலேயே வைத்திருந்தான். அம்மாவை ஃபிரிட்ஜ் பக்கம் விடவில்லை.

எங்கள் வீட்டில் செத்தவருக்கு என்ன பிடிக்குமோ அதைத்தான் படைப்போம். இலையில் கறிக்குழம்பு, கருவாடு, முட்டை, ஓரத்தில் ஒரு பீடிக் கட்டு. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கிவந்து போட்டோ முன்னால் வைத்தார். தம்பி அதை எடுத்து ஓரமாக வைத்தான். தன் பாட்டிலைத் திறந்து, நைனாவின் அதே எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றினான். சோடா கலக்கவில்லை. திராட்சையும் மழை விழுந்த மண்ணும் கலந்ததைப் போல வாசனை எழுந்தது. அதை போட்டோவுக்கு நேராக நகர்த்தினான்.

"இப்ப துப்பு நைனா, பாக்கலாம்" என்றான்.

மாமா, "டேய், இன்னா பேச்சுடா இது" என்று அதட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், குளிர்ந்துபோயிற்று நெஞ்சு.

கற்பூரம் காட்டிவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வாசலில் நின்றோம். அதுதான் வழக்கம். மாமா கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். மற்றவர்கள் இலையைச் சுற்றி உட்காரும்போது தம்பி மட்டும் டம்ளருக்கு முன்னால் குனிந்தான். தரையில் கன்னம் படும் அளவுக்குக் குனிந்து, விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தான். விளையாடுகிறான் என்று நினைத்து மாமா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"கொஞ்சங்கூடக் குறையலக்கா" என்றான். "இப்பவும் குடிக்கலக்கா அவரு."