உங்கள் அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுத்த பாஷை

பிள்ளைகளே, அப்போது நீங்கள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தீர்கள். அதனால் இது உங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து, வலது கையும் பேச்சும் போன பிறகு, திருப்பதி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டார். "வீட்டுல எந்த பாஷைங்க? முதல்ல ஒண்ணுல ஆரம்பிப்போம்."

யோசிக்கவே இல்லை. தமிழ் என்றேன்.

அம்மா பிறந்தது காளஹஸ்தியில், தெலுங்கு வீட்டில். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த பிறகுதான் தமிழ் கற்றாள். எனக்காகக் கற்றாள். "இன்னா" என்று சொல்ல ஆறு மாதம் வெட்கப்பட்டாள்.

அம்மாவின் தங்கை, உங்கள் பின்னி, கோபித்துக்கொண்டாள். "இருவது வருசமா அக்கா உங்க பாஷைய பேசிக்கினு இருந்திச்சி பாவா. நோவுல கூட அதயேதான் பேசணுமா?"

"ஆஸ்பத்திரி அம்மாதான் அப்பிடி சொன்னாங்க" என்றேன். அது பொய்.

தினமும் படச் சீட்டுகளைக் காட்டினேன். குடை, சாவி, நாற்காலி. அம்மா உதட்டைக் குவிப்பாள். ஒன்றும் வராது. கண்ணீர்தான் வரும். மூன்றாம் மாதம், வெள்ளை டம்ளர் படத்தைப் பார்த்து, "பாலு" என்றாள்.

"பாத்தியா, தமிழ்!" என்று கத்தினேன்.

"அது எங்க சொல்லு பாவா. எங்கூட்ல பாலுன்னுதான் சொல்லுவோம்" என்றாள் பின்னி.

அடுத்து வந்தவை கண்ணு, மூக்கு. அவற்றுக்கும் சண்டை போட்டோம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுப் பயிற்சிப் பெண் சிரித்தார். "ரெண்டு பேர் சொல்லும்தாங்க. தமிழும் தெலுங்கும் ஒரே பழைய பாஷையிலருந்து பிரிஞ்சது. அத யாரும் எழுதி வைக்கல. இந்த மாதிரி ஒத்துப்போற சொல்லுங்கள வெச்சிதான் அப்பிடி ஒண்ணு இருந்துச்சின்னு தெரியுது." சாவி அப்படி இல்லையாம், கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சொல்லாம். நீங்கள் என்னைக் கூப்பிடும் நைனாவும் தெலுங்கோடு பழகிப் பழகி நம் வாய்க்கு வந்ததுதானாம்.

"அப்ப பழைய சொல்லுதான் முதல்ல திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"அப்பிடி இல்லீங்க. சின்ன வயசுல பழகினது சில பேருக்கு சீக்கிரம் வரும்." நிறுத்திவிட்டுக் கேட்டார். "அம்மா சின்ன வயசுல என்ன பாஷை பேசினாங்க?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தெலுங்குச் சீட்டுக் கட்டை எடுத்துப் பின்னியிடம் கொடுத்தார். மூன்று மாதம் போனது போனதுதான்.

இப்போது பின்னிதான் பயிற்சி கொடுக்கிறாள். போன வாரம் நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. என்னைப் பற்றித்தான் பின்னியிடம் கேட்டாள்.

"தின்னாரா?"

இத்தனை மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. ஈரக் கையோடு ஓடிப்போய் வாசற்படியில் நின்றேன். "துன்னுட்டேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று பின்னி தெலுங்கில் சொல்வதற்காக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.