சுரங்கத்தில் போகாத பால்ட்ஸ்

ஃபுர்கா மலைக் கணவாயில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் பால்ட்ஸ். கோடையில் மட்டும்தான் ஓட்டினார். பனி மூடிய மாதங்களில் அடிவாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். அந்தக் கதையை மட்டும் சொல்ல மாட்டார். மற்றதைக் கேட்டால் மலையையே இவர்தான் கொண்டுவந்து வைத்தார் போலிருக்கும்.

ஓய்வு பெற்றதும் படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள ஒரு கேம்பர் வேன் வாங்கினார். பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு, பனி உருகும் முன்பே வருஷா வருஷம் கிளம்பிவிடுவார். வெயில் வந்தபிறகு சுற்றுகிறவனெல்லாம் டூரிஸ்டாம். இவர் சைக்கிளில் போய்ப் பனியில் நடுங்குவார். மனைவி வ்ரேனி வேனுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவாள்.

கணவாய்க்கு அடியில் ரயில் சுரங்கம் உண்டு. வேனை ரயிலில் ஏற்றினால் கால் மணி நேரத்தில் மறுபக்கம். பால்ட்ஸ் அதில் போனதே இல்லை. "நான் என்ன பெருச்சாளியா?" என்பார்.

இந்த ஏப்ரலில், மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள் ரெகுலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். குழந்தையைக் கோயிலுக்குள் தூக்கிப்போக அப்பாவைத்தான் கேட்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு மணி அடிச்சுடுவாங்கப்பா. நீங்க வரலன்னா எங்க மாமனார் தூக்கிடுவார்" என்றாள் போனில்.

மாமனார் அமடே, திராட்சைத் தோட்டக்காரர். மலையை ஏறிட்டும் பார்க்காதவர். அவர் கையிலா தன் பேத்தி?

சனிக்கிழமை வேன் அடிவாரத்துக்கு வந்து நின்றது.

"பேசாம ரயில்ல ஏத்து, பால்ட்ஸ்" என்றாள் வ்ரேனி.

"நீ வேனோட போ. நான் சைக்கிள்ல மேல போறேன். அந்த அமடே பாக்கப் பாக்க மலையிலேர்ந்து இறங்கணும் நான்."

"ரோடு மூடியிருக்குன்னு பலகை வெச்சிருக்காங்க."

"அது டவுன்லேர்ந்து வர்ற சூரிச்காரனுக்கு வெச்சது."

"நீ சூரிச்காரன் இல்லன்னு பனிக்கு யார் சொல்றது?"

ஞாயிறு விடியும்போதே மிதித்தார். மூன்று வளைவு வரை ரோடு இருந்தது. நான்காவதில் ஆள் உயரத்துக்குப் பனி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். எதிரே பனிச்சறுக்குக் கட்டைகளில் இறங்கி வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"பெரியவரே, சைக்கிள் உங்களை ஏத்திட்டுப் போகாதா?" என்றாள் ஒருத்தி.

"மேல கழுத்தளவு கிடக்கு. திரும்பிடுங்க" என்றாள் மற்றவள்.

"இது என் ரோடும்மா" என்று அடுத்த அடி வைத்தார் பால்ட்ஸ். இடுப்பு வரை உள்ளே போனார். அவர் ரோடு அவரை விடவில்லை. அந்தப் பெண்கள்தான் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டார்கள்.

இனி ஒரே வழிதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு இறங்கி, சொட்டச் சொட்ட ரயில் ஏறினார். சுரங்கம் முழுக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்க்காவிட்டால் போகாத கணக்கு.

கோயில் வாசலுக்கு அவர் வந்தபோது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"யார் தூக்கினது?" என்றார் மூச்சு வாங்க.

"நான்தான்" என்றாள் வ்ரேனி. "சம்பந்தி எனக்கு விட்டுக்கொடுத்துட்டார்."

அமடே இவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சம்பந்தி, சுரங்கத்துக்குள்ள மழையா?"

குழந்தையிடம் கை நீட்டினார் பால்ட்ஸ். "ஈரத்தோட தொடாதீங்கப்பா!" என்று ரெகுலா கத்தினாள். மாற்றுத் துணி வேனுக்குள். வேன் சாவி வ்ரேனியின் கைப்பையில். கைப்பை ஊர்க்கோடியில் விருந்து நடக்கிற வீட்டில். அமடேதான் கோயிலுக்கு எதிரே இருந்த தன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு பால்ட்ஸ் நுழையலாம். அதை மாட்டி, ஒரு கையால் இடுப்பில் பிடித்தபடி போட்டோவுக்குப் படியில் நின்றார் பால்ட்ஸ்.

"இப்போ வாங்கிக்கோங்கப்பா" என்று ரெகுலா குழந்தையை நீட்டினாள்.

பச்சைக் குழந்தை. இரண்டு கையும் வேண்டும். முன்னால் பாதி ஊர் நிற்கிறது. பால்ட்ஸ் கால்சட்டையை விட்டுவிட்டுப் பேத்தியை வாங்கிக்கொண்டார்.

போட்டோவில் அவர் முகமெல்லாம் பல். பக்கத்தில் வ்ரேனி, ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.