கறுப்புக் கோடெல்லாம் ரோடு!

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் எங்கள் காரை நட்டநடு ஓடையில் கொண்டுபோய் நிறுத்தினார். பதறாதீர்கள்... ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!

ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு மாட்டு ஆசை. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, ஹிரியூர் தாண்டிப் பொட்டல்காட்டில் நிலம் வாங்கி, இருபது மாடு வளர்க்க வேண்டுமாம். எனக்கோ அந்த வீட்டை விட்டால் மூச்சே வராது. சொன்னால் கேட்கிற ஆளா? திங்கட்கிழமை வீட்டுக்கு அக்ரிமென்ட் போடுவதாக நாள் குறித்துவிட்டார்.

இதற்கு நடுவே, பழைய புத்தகக் கடையில் அந்தப் பக்கத்துப் பழைய சர்வே மேப் ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான்... டைனிங் டேபிள் பறிபோனது! மேய்ச்சல் நிலம், முள்காடு, கிணறு, குன்று – எல்லாம் அதில் இருந்தன. அவர் வாங்க நினைத்த நிலத்தை நோக்கி, வளைந்து வளைந்து ஏகப்பட்ட கறுப்புக் கோடுகள்.

"பாத்தியா? சிவப்பு பெரிய ரோடு, கறுப்பு சின்ன ரோடு. பால் வண்டி நேரா கொட்டாய்க்கே வரும்!"

கிளம்பினோம். போனில் வழி சொன்ன பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, மேப்பை நம்பினார். தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு மணலானது. சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், இது ரோடு அல்லா... ஹள்ளா! மளே பந்த்ரே நீரு பர்த்தே."

மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடையாம். அப்படியென்றால் மேப்பில் இருந்த அத்தனை கறுப்புக் கோடும்...? ஆமாம், வறண்ட ஓடைகள்!

ஆடு மேய்த்தவரும் நானும் சேர்ந்து காரைத் தள்ளினோம். திரும்பும்போது என் வீட்டுக்காரர் மேப்பை மடித்துப் பின்சீட்டில் போட்டார். பாவமாக இருந்தது – நிஜமாகவே.

"அக்ரிமென்ட் வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "ரோடே இல்லாத எடத்துல மாட்ட வச்சிக்கிட்டு என்ன பண்றது? ஆனா, எந்தக் கோடு என்னன்னு அந்த மேப்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

எழுதித்தான் இருந்தது. கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில். புது மிக்ஸி வாங்கினால் நம் வீடுகளில் மேனுவலை யார் படிக்கிறார்கள், யார் நேராக ஸ்விட்சைப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் சனிக்கிழமை சாயந்திரமே படித்துவிட்டேன்.

படித்ததையெல்லாம் புருஷனிடம் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கல்யாணத்திலும் சத்தியம் வாங்குவதில்லையே!